அடைப்புக்குறிக்குள் வரும் பெயர்

1980 ஜனவரியில் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் சேர்ந்திருந்தவர்களில் 11,882 பேருக்கு ஒரு தடவையாவது அபின் வகை வலிமருந்து கொடுக்கப்பட்டிருந்தது. முன்பு போதைப் பழக்கம் இல்லாமல் இருந்து, இந்த மருந்துக்கு அடிமையானதாகப் பதிவானவர்கள் நான்கே பேர் என்றது கடிதம். எல்லோரும் உள்நோயாளிகள். வீட்டுக்கு மாத்திரை வாங்கிப்போய் மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அந்தக் கடிதம் பிறகு என்ன பாடுபட்டது என்பதை 2017இல் கனடா ஆய்வாளர்கள் அதே இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதைச் சான்று காட்டியவை 608 கட்டுரைகள். 'இந்த மருந்துகளுக்கு அடிமையாவது அபூர்வம்' என்பதற்கு ஆதாரமாக வைத்தவை அவற்றில் 439. நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்ற விவரத்தையே 491 கட்டுரைகள் விட்டுவிட்டன. 1990களின் நடுவில் ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை வலிமாத்திரை சந்தைக்கு வந்ததும் இந்தச் சுட்டுகள் மளமளவென்று ஏறின. அந்த வகை மாத்திரைகள் அமெரிக்காவில் செய்த நாசம் உலகறிந்தது. கடிதத்தின் எண்களில் தப்பில்லை. அது சொல்லாததை அதன் வாயில் போட்டவர்கள், அதைச் சுட்டியவர்கள்தான்.

இப்படிச் சான்று சுட்டுவதன் நெறி, அதாவது சைட்டேஷன் நெறி, என்று பேச்செடுத்தால் நம் கல்லூரிகளில் உடனே ஏபிஏ வடிவமா, எம்எல்ஏ வடிவமா, கமா எங்கே, சாய்வெழுத்து எங்கே என்று இறங்கிவிடுகிறார்கள். அதெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு வாக்கியத்தின் முடிவில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரும் ஆண்டும் போடுகிறவர், 'நான் சொல்வது அங்கே இருக்கிறது, போய்ப் பாருங்கள்' என்று உறுதி கொடுக்கிறார். அந்த உறுதியைக் கொடுக்க, முதலில் தான் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

பார்க்கிறோமா? லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2003இல் இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி பிடித்தார்கள். புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை ஒன்றைச் சுமார் 4,300 கட்டுரைகள் சுட்டியிருந்தன. அவற்றில் 196 இடங்களில் பக்க எண்ணோ தொகுதி எண்ணோ தவறாக அச்சாகியிருந்தது. ஆளுக்கொரு பிழை செய்திருந்தால் 196 விதமான பிழைகள் இருக்க வேண்டும். இருந்தவை 45 விதம்தான். ஒரே பிழை மட்டும் 78 தடவை. அதாவது, முதலில் தப்பாகத் தட்டச்சு செய்தவரிடமிருந்து மற்றவர்கள் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். சுட்டுகிறவர்களில் மூலத்தைப் படிப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான் என்று இதிலிருந்து அவர்கள் மதிப்பிட்டார்கள். மூலத்தைப் படித்துவிட்டு விவரத்தை மட்டும் வேறிடத்திலிருந்து ஒட்டியவர்களும் இருக்கலாம் என்று சுட்டியவர்களுக்காக வாதாடலாம். எல்லோருக்கும் அந்தச் சலுகையைத் தர எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. எல்சேவியர் பதிப்பகம் நூற்பட்டியலை எப்படி எழுதுவது என்று காட்ட, தன் வழிகாட்டியில் ஒரு மாதிரிப் பதிவைக் கொடுத்திருந்தது. ஆய்வுக்கட்டுரை எழுதும் கலை என்பது தலைப்பு, ஆண்டு 2000. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. ஆனால் நூற்றுக்கணக்கான கட்டுரைகளின் பட்டியலில் அது ஏறி உட்கார்ந்திருப்பதை லைடன் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் க்ரோனன்பெர்க் கவனித்தார். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ, இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன. கட்டுரையின் இணைய அடையாளமான டிஓஐ எண்ணைச் சொடுக்கிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

சரி, சோம்பல் ஒரு பக்கம். மறுபக்கம் எண்ணிக்கை ஆசை.

யூஜின் கார்ஃபீல்டு 1955இல் சைட்டேஷன் அட்டவணையை முன்மொழிந்தபோது அது தேடுவதற்கான கருவி. ஒரு கட்டுரையைப் பிற்பாடு யார் பயன்படுத்தினார்கள், யார் மறுத்தார்கள் என்று பின்தொடர்ந்து போகலாம். பிறகு அதே தரவிலிருந்து இம்பாக்ட் ஃபாக்டர் வந்தது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு சராசரியாக எத்தனை சுட்டுகள் கிடைத்தன என்ற கணக்கு அது. 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் எச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். பத்துக் கட்டுரைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது பத்துச் சுட்டுகள் இருந்தால் எச்-இண்டெக்ஸ் 10. வேலை, பதவி உயர்வு, நிதி எல்லாம் இந்த எண்களின் பின்னால் போயின. நம் கல்வி நிறுவனங்களுக்கான என்ஐஆர்எஃப் தரவரிசையும் ஆய்வு மதிப்பெண்ணில் சைட்டேஷனைச் சேர்க்கிறது. எண்ணுக்குப் பணமும் பதவியும் கிடைக்கிறது என்றால் எண்ணைப் பெருக்க ஆள் வராமல் இருக்குமா?

இங்கேதான் தன்னைத் தானே சுட்டுவது பற்றிய சர்ச்சை வருகிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அது தன்னளவில் தப்பே இல்லை. பத்து ஆண்டுகள் ஒரே ஆற்றின் நீரைச் சோதித்துவருகிறவர் தன் பழைய அளவீட்டைச் சுட்டாமல் புதியதை எழுத முடியாது. சுட்டாமல் விட்டால், பழைய தரவையே புதியதென்று விற்ற குற்றம் வரும். 2019இல் வெளியான, சுமார் ஒரு லட்சம் விஞ்ஞானிகளின் தரவுத்தொகுப்பில் சுயசுட்டின் இடைநிலை அளவு 12.7 சதவீதம். அதே தொகுப்பில் குறைந்தது 250 பேருக்கு, கிடைத்த சுட்டுகளில் பாதிக்கு மேல் தாங்களோ தங்கள் இணையாசிரியர்களோ போட்டவை. 'நேச்சர்' இதழ் இதைச் செய்தியாக்கியபோது எடுத்துக்காட்டிய பெயர்களில் ஒன்று சென்னையின் தனியார் பல்கலைக்கழகப் பேராசிரியருடையது. அவருடைய அளவு 94 சதவீதம்.

சதவீதத்தை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. 'ஜூடாக்ஸா' என்ற நியூசிலாந்து இதழின் கதையைப் பாருங்கள். உலகில் புதிதாகக் கண்டறியப்படும் விலங்கினங்களில் பெரும் பங்கு அதில்தான் முதலில் விவரிக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பல்லிகள், தவளைகள் பலவும் அப்படித்தான். ஒரு புதுத் தவளையை விவரிப்பவர் அதன் உறவினத் தவளைகள் பற்றிய கட்டுரைகளைச் சுட்டியே ஆக வேண்டும். அவையும் அதே இதழில் இருந்தால் என்ன செய்வது? 2020இல், இம்பாக்ட் ஃபாக்டரைக் கணக்கிட்டு வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம், சுயசுட்டு அதிகம் என்று ஜூடாக்ஸாவின் இம்பாக்ட் ஃபாக்டரை நிறுத்தியது. வகைப்பாட்டியலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த மாதமே முடிவு திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே பார்க்க வேண்டியது ஒவ்வொரு இடத்தையும். இதே கட்டுரையை முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தால் இந்த வாக்கியத்துக்கு இதைச் சுட்டியிருப்பேனா? ஆம் என்றால் இருக்கட்டும். 'இத்துறையில் பல ஆய்வுகள் நடந்துள்ளன' என்று முன்னுரையில் ஒரு வரி எழுதி, அதன் வாலில் தன்னுடையவை எட்டு, கைடுடையவை ஆறு என்று கோத்துவிடுவதுதான் பரிசோதிக்க வேண்டிய இடம். அந்த வரிக்குச் சான்றே தேவையில்லை.

தன்னைச் சுட்டினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தெரிந்தவர்கள் மொய் எழுதுவதுபோல் நீ எனக்கு, நான் உனக்கு என்று மாற்றிச் செய்கிறார்கள். 2013இல் பிரேசிலின் நான்கு மருத்துவ இதழ்கள் இப்படி ஒன்றையொன்று சுட்டி எண்ணை ஏற்றியதாக இம்பாக்ட் ஃபாக்டர் பட்டியலிலிருந்து நிறுத்தப்பட்டன. அந்நாட்டின் முதுநிலைப் படிப்புகளை மதிப்பிடும் அரசு அமைப்பு, இம்பாக்ட் ஃபாக்டரைப் பெரிதாக எடுத்துக்கொண்டதுதான் இதற்குப் பின்னணி.

'ஃபோலியா ஃபோனியாட்ரிகா' என்ற பேச்சு மருத்துவ இதழ் 2007இல் செய்தது வேறு. எண் மோகத்தைக் கண்டித்து எழுதிய தலையங்கத்தில், அது முந்தைய இரண்டு ஆண்டுகளில் தான் வெளியிட்ட 66 கட்டுரைகளையும் வேண்டுமென்றே சுட்டியது. இம்பாக்ட் ஃபாக்டர் 0.66இலிருந்து 1.44க்கு ஏறியது. ஒளிவுமறைவில்லாத எதிர்ப்புதான், ஆனாலும் அடுத்த இரண்டு பட்டியல்களில் இதழ் இடம்பெறவில்லை.

இளம் ஆய்வாளருக்கு உண்மையான தலைவலி, மேலிருந்து வரும் வற்புறுத்தல். 2012இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில் 6,672 பேரிடம் கேட்டபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், இதழாசிரியர் தன் இதழின் கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்லி நெருக்கியதாகச் சொன்னார். அடையாளம் எளிது: உங்கள் கட்டுரையில் எந்த இடத்தில் எந்தக் குறை என்று சொல்ல மாட்டார்கள், 'எங்கள் இதழிலிருந்து சில சேர்க்கவும்' என்று மட்டும் இருக்கும். ரிவ்யூவர் ஒரே ஆளுடைய ஐந்து கட்டுரைகளை நீட்டினாலும் அதே கதைதான்.

அப்போது செய்ய வேண்டியது, ஐந்தையும் உண்மையாகவே படிப்பது. பொருந்துவது ஒன்றிருந்தால் உரிய இடத்தில் சேர்த்து, பதில் கடிதத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதலாம். மீதி நான்குக்கும், 'படித்தோம், எங்கள் வாதத்தை இவை தொடவில்லை' என்று மரியாதையாக எழுதிவிடலாம். பட்டியல் ஒரே ஆளுடையது என்பதைத் தனிக் கடிதத்தில் இதழாசிரியருக்குத் தெரிவிக்கலாம். ரிவ்யூவருக்கு அது போகாது. நெருக்குவது இதழாசிரியரே என்றால் பதிப்பகத்துக்கு எழுதலாம். அந்த இதழ் 'கோப்' என்ற பதிப்பு நெறிக் குழுவில் உறுப்பாக இருந்தால் அங்கேயும் முறையிடலாம். எதற்கும் முன்பாக, வந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.