தட்டாமாலை சுற்றும் இறக்கைகள்

பாய்ப்படகு ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர், அதன் அடியிலுள்ள மூன்றிறக்கைப் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மடங்கும் புரொப்பெல்லரைப் பொருத்தினால் மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் கூடும் என்று ஒரு விளம்பரம் சத்தியம் செய்வதாகவும், அதை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறார். விளம்பரங்களின் சத்தியத்துக்கு நான் ஜாமீன் நிற்பதில்லை. காற்று மெலிந்து படகு ஊர்ந்துகொண்டிருக்கையில், மடங்காத இறக்கைகள் ஜலத்தை மறித்து நிற்பது மெய்தான். அவை மடங்கிக்கொண்டால் அரை மைலோ, சற்று மேலோ லாபம் கிட்டக்கூடும். ஆனால் பலத்த காற்றில் படகு தன் வேகத்தின் எல்லையை நெருங்கும்போது, அதைப் பிடித்து நிறுத்துவது அது தானே எழுப்பிய அலையாகையால், விளம்பரத்தின் ஒரு மைல் அந்த அலையோடு போய்விடும்.

தொல்லை புதிதன்று. 1860-இல் நீரில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் வாரியர், பாய் விரித்து ஓடும்போது தன் 26 டன் புரொப்பெல்லரை மேலே தூக்கி வைத்துக்கொண்டது. தூக்குவதற்கு 600 பேர் வேண்டியிருந்தார்கள். சரித்திரம் இவ்வளவு போதும்.

அந்த 600 பேரின் வேலையை இன்று ஜலமே கூலியின்றிச் செய்கிறது. தண்டின் முனையில் கீல் வைத்துப் பொருத்திய இறக்கைகளை, யந்திரம் நின்றதும், பின்னோக்கி ஓடும் நீர் கூப்பிய கைகளைப் போல் சேர்த்துவிடுகிறது. பிறகு அவற்றை விரிப்பது யார்? கம்பியுமில்லை, நெம்புகோலுமில்லை, தட்டாமாலை சுற்றும் சிறுமியின் பாவாடையைக் குடையாக்குகிற மையவிலக்கு விசையே இங்கும் விரிக்கிறது. ஒரு கிலோ இறக்கையின் பாரமையம் அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்து, தண்டு நிமிஷத்துக்கு 1000 முறை சுழலுமானால், அந்த ஒரு கிலோ ஏறக்குறைய 110 கிலோ எடையின் பலத்தோடு வெளியே ஓடப் பார்க்கிறது. முன்னே செல்லும்போது ஜலத்தின் உந்துதலும் இறக்கையை விரிக்கும் பக்கமே சேர்ந்துகொள்வதால் யாதொரு சிக்கலுமில்லை.

ரசமான இடம் பின்னோட்டம். இப்போது உந்துதல் இறக்கையை மடக்கப் பார்க்கிறது. அதாவது, சுற்றும் பேத்தியின் பாவாடையைப் பாட்டி கீழே இழுக்கிறாள். பேத்தி வேகத்தைக் கூட்டினால் ஜெயிப்பாளே என்று நினைக்கத் தோன்றும், அதுதான் இல்லை. இரண்டு விசைகளும் சுழற்சியின் வர்க்கத்தை ஒட்டியே வளர்வதால், பேத்தி இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றினால் அவள் பலம் நான்கு மடங்காகும், பாட்டியின் பலமும் நான்கு மடங்காகும். வழக்கைத் தீர்ப்பது பாவாடைக் கரையில் தைத்த ஜரிகையின் கனம், அதாவது இறக்கையின் எடை. (பாட்டியின் மூட்டுவலியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் உவமை அதற்குமேல் தாங்காது.) முன்னே ஓடிக்கொண்டிருக்கும் படகை நிறுத்த முயலும்போது மட்டும், எதிரே வரும் நீரின் அழுத்தம் சுழற்சியோடு வளராததால், யந்திரத்தைத் தாராளமாக முடுக்குவது பலன் தரும். ஆகவே, கடைக்காரர் இறக்கை மிகவும் இலேசானது என்று புகழ்வாரானால், அந்தப் புகழ்ச்சியையே குற்றப்பத்திரிகையாகக் கொண்டு, படகுத்துறையில் பின்னோட்டத்தைக் காட்டச் சொல்லவேண்டும்.

இறக்கைகளின் அடியில் பல்சக்கரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாத ரகத்தில் கீழிறக்கை தன் பாரத்தால் தொங்கும். கீலில் கொட்டலசு ஒட்டினால் ஒன்று விரிந்து மற்றொன்று முரண்டு பிடிக்க, படகே உதறும். பல் கோத்தவை சேர்ந்தே விரியும், சேர்ந்தே மடங்கும். கனத்த படகை நெருக்கமான துறையில் திருப்பி நிறுத்துகிறவருக்கு, மடங்காமல் நீரோட்டத்துக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ளும் வகையே மேல். பின்னோட்டத்தில் அது சளைப்பதில்லை.

பணத்தைக் கட்டுமுன், கேள்வி கேட்ட அன்பர் சென்ற ஒரு வருஷத்தில் தம் படகு பாயில் ஓடிய மணிகளையும் யந்திரத்தில் ஓடிய மணிகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். யந்திரத்தின் கணக்கே மிகுந்திருந்தால், பழைய மூன்றிறக்கையே போதும்.