ஒரே சாயல், இரு வேறு பறவைகள்!

இரட்டைப் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவனை அழைத்தால் மற்றவன் திரும்பிப் பார்ப்பான். ஊரார் தடுமாறுவர், பெற்ற தாய் மட்டும் தடுமாற மாட்டாள். முகம் பார்க்கும் முன்பே, நடையை வைத்து இன்னாரென்று சொல்லிவிடுவாள்.

தென் அமெரிக்காவில் இத்தகைய இரு பறவைகள் உள்ளன. அவற்றை இனம் பிரித்தறிய அறிவுலகத்திற்கு 200 ஆண்டுகள் பிடித்தன!

ரீங்காரச் சிட்டு எனப்படும் ஹம்மிங் பறவையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தரத்தில் நின்றபடியே மலரில் தேன் அருந்தும் இப்பறவைக் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. அதில் யாவற்றினும் பெரியது இராட்சத ரீங்காரச் சிட்டு. இராட்சதன் என்றதும் மிரண்டுவிடாதீர்கள்! அதன் நீளம் சுமார் 23 செ.மீ.; எடையோ 20 கிராம் அளவுதான்.

1824இல் இப்பறவைக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. 1834இல் சிலி நாட்டில் இதனைக் கண்ட சார்லஸ் டார்வின், வசந்த காலத்தில் வடக்கேயுள்ள வறண்ட பாலைப்பகுதியிலிருந்து இது வருகிறது என்று எண்ணினார். கோடை கழிந்ததும் சிலியை விட்டு மறையும் இப்பறவை உண்மையில் எங்கே செல்கிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது.

அமெரிக்க, சிலி, பெரு நாட்டு ஆய்வாளர்கள் அதற்கு ஒரு வழி கண்டனர். பறவையின் முதுகில் பை மாட்டுவதுபோல் மிகச்சிறு கருவிகளைப் பொருத்தினர். அவற்றுள் ஒருவகைக் கருவி செய்தி எதனையும் அனுப்பாது. பகலொளியின் நேரத்தை மட்டும் பதிந்துகொள்ளும். அதே பறவை திரும்பி வந்து மீண்டும் பிடிபட்டால்தான் அது சென்ற வழி தெரியவரும். எத்தகைய பொறுமை வேண்டியிருக்கும், எண்ணிப் பாருங்கள்!

2024இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. சிலியின் கடலோரத்தில் குஞ்சு பொரிக்கும் தெற்கத்திப் பறவை, பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைகளுக்குச் செல்கிறது. போகவர 8,300 கி.மீ. வரை பயணம், ஏறும் உயரம் 4,100 மீட்டருக்கும் அதிகம். அவ்வுயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். ஆகவே அது ஒரே மூச்சில் ஏறுவதில்லை. மலையேறும் வீரர்களைப் போல இடையிடையே சில நாட்கள் தங்கி, உடலைப் பழக்கிக்கொண்டு ஏறுகிறது.

வடக்கத்திப் பறவையோ எங்கும் செல்வதில்லை. ஆண்டு முழுவதும் உயர்மலையே அதன் வீடு. விருந்தாளியாக வரும் தெற்கத்திப் பறவையுடன் ஒரே மலைப்பகுதியில் உலவுவதால், கண்டவர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. மரபணுக்களை ஆராய்ந்தபோதோ, இவை பிரிந்து 21 முதல் 34 இலட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும் எனத் தெரியவந்தது. உருவம் மறைத்த உண்மையை, பயணமும் மரபணுவும் காட்டிக்கொடுத்தன.

‘ஒன்றானால் என்ன, இரண்டானால் என்ன?’ என்று கேட்கலாம். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கணக்கிட்டால், ஒன்று அருகிப் போனாலும் மற்றொன்றின் எண்ணிக்கை அந்த இழப்பை மறைத்துவிடும். மேலும், மலைவாசிக்கு மலை பிழைத்தால் போதும். பயணிக்கோ சிலியின் மலர்ச்செடிகளும் வேண்டும், பெருவின் மலைச்சரிவுகளும் வேண்டும், இடையில் தங்கி இளைப்பாறும் இடங்களும் வேண்டும். அவற்றுள் ஒன்று அழிந்தாலும் அதன் வாழ்வு குலையும்.

ஒன்றைக் காக்க வேண்டுமாயின், முதலில் அது இன்னதென்று அறிந்தாக வேண்டும். அந்தத் தாயின் கண் நமக்கும் வேண்டும், வாசகர்களே!