குபர்நெட்டிஸ் கொத்தணி

குபர்நெட்டிஸ் கொத்தணி என்பது பல கணினிகளை வலையமைப்பின் வழி இணைத்து, அவற்றில் இயங்கும் கொள்கலன்களை ஒரே தொகுதியாக மேலாண்மை செய்யும் அமைப்பு ஆகும். ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையான கோப்புகளையும் ஒன்றாகப் பொதிந்து, பிற மென்பொருள்களிலிருந்து பிரித்து இயக்கும் முறை கொள்கலன் எனப்படுகிறது. கொத்தணியில் உள்ள ஒரு கணினி பழுதடைந்தால், அதிலிருந்த பணிகள் வேறு கணினிகளில் மீண்டும் தொடங்கப்படும்.

வரலாறு

கூகுள் நிறுவனம் தன் தரவு மையங்களில் பயன்படுத்திய போர்க் என்னும் அமைப்பின் பட்டறிவைக் கொண்டு குபர்நெட்டிஸ் உருவாக்கப்பட்டது. இது 2014 சூன் மாதத்தில் திறந்த மூல மென்பொருளாக அறிவிக்கப்பட்டது. இதன் 1.0 பதிப்பு 2015 சூலையில் வெளியானது. இது கோ நிரல்மொழியில் எழுதப்பட்டுள்ளது. கிரேக்க மொழியில் இப்பெயர் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும்.

உறுப்புகள்

கொத்தணியின் ஒவ்வொரு கணினியும் கணு எனப்படும். கணுக்கள் இருவகைப்படும்.

கட்டுப்பாட்டுக் கணு: கட்டளைகளைப் பெறும் ஏபிஐ சேவையகம், பணிகளைக் கணுக்களுக்கு ஒதுக்கும் அட்டவணையிடி, கொத்தணியின் நிலையைக் கண்காணிக்கும் கட்டுப்படுத்தி ஆகியவை இதில் இயங்கும். கொத்தணியின் முழு விவரமும் எட்சிடி என்னும் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது.

பணிக்கணு: பயனரின் கொள்கலன்கள் இதில் இயங்கும். கியூப்லெட் என்னும் நிரல் கட்டளைகளைப் பெற்று, கண்டெய்னர்டி போன்ற கொள்கலன் இயக்கியிடம் ஒப்படைக்கிறது.

பெரும்பான்மை விதி

எட்சிடி, ராஃப்ட் என்னும் உடன்பாட்டு நெறிமுறையைப் பின்பற்றுகிறது. பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்ட மாற்றமே செல்லுபடியாகும்.

இரண்டு உறுப்பினர்கள்: பெரும்பான்மை 2, ஒன்று பழுதடைந்தாலும் தாங்காது.
மூன்று உறுப்பினர்கள்: பெரும்பான்மை 2, ஒன்றின் பழுதைத் தாங்கும்.
நான்கு உறுப்பினர்கள்: பெரும்பான்மை 3, ஒன்றின் பழுதையே தாங்கும்.
ஐந்து உறுப்பினர்கள்: பெரும்பான்மை 3, இரண்டின் பழுதைத் தாங்கும்.

எனவே, கட்டுப்பாட்டுக் கணுக்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமைப்பதே வழக்கம். பெரும்பான்மை இழக்கப்பட்டால், ஏற்கெனவே இயங்கும் கொள்கலன்கள் உடனே நின்றுவிடுவதில்லை. ஆயினும் புதிய கட்டளைகள் ஏற்கப்படா. பழுதடைந்த பணிக்கணுவின் வேலைகளும் வேறிடத்திற்கு மாற்றப்படா.

நிறுவும் முறை

கியூப்ஏடிஎம் என்னும் கருவியைக் கொண்டு நிறுவும் படிகள் பின்வருமாறு:

1. லினக்ஸ் இயங்குதளம் கொண்ட கணினிகளைத் தேர்ந்தெடுத்தல். ஒவ்வொன்றிற்கும் குறைந்தது 2 ஜிபி நினைவகம் வேண்டும்; கட்டுப்பாட்டுக் கணுவிற்கு 2 மையச் செயலகங்களும் தேவை. கணினிப் பெயர்கள் வெவ்வேறாக இருத்தல் வேண்டும்.
2. வட்டில் உள்ள இடமாற்று நினைவகத்தை நிறுத்துதல். அது இயங்கினால், இயல்பிருப்பு அமைப்பில் கியூப்லெட் தொடங்காது.
3. எல்லாக் கணினிகளிலும் கொள்கலன் இயக்கி, கியூப்லெட், கியூப்ஏடிஎம் ஆகியவற்றை நிறுவுதல்.
4. கட்டுப்பாட்டுக் கணுக்களுக்கு முன்பாக ஒரு சுமைப் பகிர்வியை வைத்து, அதன் முகவரியைக் கொடுத்து முதல் கணுவைத் தொடங்குதல். ஏபிஐ சேவையகம் இயல்பாக 6443 என்ற துறை எண்ணைப் பயன்படுத்தும்.
5. காலிகோ, பிளானல் போன்ற வலையமைப்புச் செருகுநிரல் ஒன்றை நிறுவுதல். அதுவரை கணுக்கள் ஆயத்த நிலையை அடையா.
6. ஏனைய கணுக்களை டோக்கன் கொண்டு இணைத்தல். டோக்கன் இயல்பாக 24 மணிநேரத்தில் காலாவதியாகும்; பின்னர் புதியது உருவாக்கிக் கொள்ளலாம்.

நான்காம் படி முக்கியமானது. பொது முகவரியின்றித் தொடங்கிய ஒற்றைக் கட்டுப்பாட்டுக் கணுக் கொத்தணியைப் பிற்பாடு பல கட்டுப்பாட்டுக் கணுக்கள் கொண்டதாக மாற்றுவதைக் கியூப்ஏடிஎம் ஆதரிப்பதில்லை. ஆகவே, தொடக்கத்தில் ஒரே கணினி இருப்பினும் பொது முகவரி ஒன்றைக் கொடுத்துவிடுவது நன்று.

பராமரிப்பு

கியூப்ஏடிஎம் உருவாக்கும் கூறுகளின் சான்றிதழ்கள் இயல்பாக ஓராண்டுக்கே செல்லுபடியாகும். பதிப்பு மேம்படுத்தலின்போது இவை புதுப்பிக்கப்படுகின்றன. ஓராண்டு மேம்படுத்தாமல் விடப்பட்ட கொத்தணியில் சான்றிதழ்கள் காலாவதியாகி, கணினிகள் அனைத்தும் நலமாக இருந்தும் நிர்வாகக் கட்டளைகள் மறுக்கப்படும்.

பல கட்டுப்பாட்டுக் கணுக்கள் இருப்பது காப்புநகலுக்கு மாற்றாகாது. தவறுதலாக அழிக்கப்பட்ட விவரம் எல்லா உறுப்பினர்களிடமிருந்தும் அழிந்துவிடும். எனவே, எட்சிடியின் நிலைப்படத்தை அவ்வப்போது எடுத்து, கொத்தணிக்கு வெளியே சேமித்தல் வேண்டும்.