ஆடுகளமும் அளவுகோலும்

மாதவியின் ஆடலைக் கூறப் புகுந்த இளங்கோவடிகள், அவள் அடியெடுத்து வைக்கு முன்னரே அவள் ஆடவேண்டிய அரங்கினை அளந்து காட்டுகின்றார். நூல் வல்லோர் முதலில் நிலம் தேர்ந்தனர். மலையில் வளர்ந்த மூங்கிலைக் கொணர்ந்து, பெருவிரல் 24 கொண்ட நீளத்தினதாகக் கோல் ஒன்று அமைத்தனர். அக்கோலினால் எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமுமாக அரங்கினை வகுத்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை தரும் இச்செய்தியால், முதலில் நிலம், அடுத்து அளவு, அதன்பின் ஆட்டம் என்னும் முறை தமிழர்க்குப் புதியதன்று என்பது போதரும்.

அக்காதையில் அரங்கும் ஒன்று, ஆடுபவளும் ஒருத்தி. இக்காலத்து ஊர்களின் நிலை அத்தகையதன்று. காரைநகர் முதலிய தீவக ஊர்களில் நெல்வயலும் பனங்காணியும் குடிமனையும் கோயில் வீதியும் போக எஞ்சும் வெளி சிறிது. அச்சிறு வெளியிலேயே உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமும் மெய்வல்லுநர் போட்டியும் கரப்பந்தாட்டமும் மாணவியரின் வலைப்பந்தாட்டமும் இடம் கேட்கின்றன. ஒரு மைதானம் பல ஆட்டங்களுக்குப் பொருந்துமா என்னும் வினா ஆதலின் ஏட்டளவில் நிற்பதன்று. மாலை நான்கு மணிக்குப் பந்தோடு வரும் பிள்ளைகளுள் யார் ஆடுவது, யார் வேலியோரம் நிற்பது என்பதைத் தீர்மானிப்பது. இவ்வினாவின் ஒரு பாதி கணிதத்தைச் சார்ந்தது. மற்றைப் பாதி மனிதரைச் சார்ந்தது. இரண்டையும் பிரித்து நோக்குதல் தெளிவு தரும்.

முதற்கண் கணிதத்தை நோக்குவோம். உதைபந்தாட்ட விதிகள் களத்தின் நீளம் 90 முதல் 120 மீற்றர் வரையும், அகலம் 45 முதல் 90 மீற்றர் வரையும் இருக்கலாம் என்கின்றன. நாடுகளுக்கிடையே நிகழும் போட்டிகளுக்கு நீளம் 100 முதல் 110, அகலம் 64 முதல் 75 மீற்றர் எனும் குறுகிய எல்லை உண்டு. பெரிய அரங்குகள் பெரும்பாலும் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொள்கின்றன. துடுப்பாட்டத்திலோ, நடுவிலுள்ள ஆடுதளத்தின் நீளமே 66 அடியென்று உறுதியாக வகுக்கப்பட்டது. வெளி எல்லை நெகிழ்ச்சியுடையது. சர்வதேசப் போட்டிகளில் ஆடுதளத்தின் நடுவிலிருந்து எல்லைக்கோடு 195 அடிக்கு, அதாவது 59.43 மீற்றருக்குக் குறையாமலும், 270 அடிக்கு, அதாவது 82.29 மீற்றருக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும்.

இவ்வளவுகளை யாழ்ப்பாணத்தார் காணி பேசும் கணக்கிற் கூறின் உண்மை உடனே விளங்கும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அதன்படி 105க்கு 68 மீற்றர் உதைபந்தாட்டக் களத்திற்கு ஏறக்குறைய 28 பரப்பு வேண்டும். மிகச் சிறிய சர்வதேசத் துடுப்பாட்ட வட்டத்திற்கு 44 பரப்பு. மிகப் பெரியதற்கு 84 பரப்பு. பார்வையாளர் இருக்கைக்கும் வேலிக்கும் பாதைக்கும் வேண்டிய நிலம் இதனுள் அடங்காது. கரப்பந்தாட்டக் களமோ 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உடையது. ஒரு பரப்பிலும் குறைந்த நிலமே அதற்குப் போதும். தீவகத்து மூலை முடுக்கெல்லாம் கரப்பந்தாட்டம் வேரூன்றியமைக்கு இச்சிக்கனமும் ஒரு காரணம் எனல் தகும்.

எனினும் பரப்பளவு மட்டும் வழக்கைத் தீர்க்காது, வடிவமும் நோக்கத்தக்கது. உதைபந்தாட்டக் களம் நீள்சதுரம். துடுப்பாட்டக் களம் ஏறக்குறைய வட்டம். நீள்சதுரம் ஒன்று வட்டத்தினுள் அடங்குமா என்பதை அதன் மூலைகளே தீர்மானிக்கும். 100 மீற்றர் நீளமும் 64 மீற்றர் அகலமும் உள்ள களத்தின் நடுவிலிருந்து மூலைவரை உள்ள தூரம் 59.36 மீற்றர். மிகச் சிறிய துடுப்பாட்ட வட்டத்தின் ஆரம் 59.43 மீற்றர். ஆகவே மிகச் சிறிய சர்வதேச உதைபந்தாட்டக் களம், மிகச் சிறிய சர்வதேசத் துடுப்பாட்ட வட்டத்தினுள் ஏழு சதமமீற்றர் இடைவெளியோடு அடங்கிவிடுகின்றது. 105க்கு 68 மீற்றர்க் களத்திற்கு அத்தூரம் 62.55 மீற்றர், அதன் நான்கு மூலைகளும் அச்சிறு வட்டத்திற்கு வெளியே நீட்டிக்கொள்ளும். இதன் மறுதலையும் கருதத்தக்கது. உதைபந்தாட்டத்திற்கென்றே நான்கு பக்கமும் நெருங்கி இருக்கை கட்டிய அரங்கினுள் துடுப்பாட்டம் ஒருபோதும் நுழைய முடியாது. வட்டம் நீள்சதுரத்திற்கு இடங்கொடுக்கும். ஒட்டிக் கட்டிய நீள்சதுரம் வட்டத்திற்கு இடங்கொடாது.

ஓட்டப் பாதையின் செய்தி இதனினும் வியப்பானது. 400 மீற்றர் கொண்ட நியமப் பாதையின் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீற்றர், வளைவின் ஆரம் 36.50 மீற்றர். உள்ளே அகலம் 73 மீற்றர். 105 மீற்றர் நீளமுள்ள களம் இருபுறமும் வளைவினுள் பத்து மீற்றருக்குச் சற்று மேற்படப் புகும். அவ்விடத்தில் நடுக்கோட்டிலிருந்து பாதையின் உள்விளிம்பு வரை 35 மீற்றர் உளது. களத்திற்கு வேண்டியதோ 34 மீற்றர். மூலைக்கொடி நாட்ட ஒரு மீற்றர் எஞ்சுகின்றது. உதைபந்தாட்டமும் மெய்வல்லுநர் போட்டியும் உலகெங்கும் ஓரரங்கில் ஒத்து வாழ்வதற்கு இந்த ஒரு மீற்றரே காரணம். இந்திய உதவியுடன் திருத்தியமைக்கப்பெற்று 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கும் இவ்விரண்டிற்கும் இடந்தருவதே.

அளவும் வடிவும் பொருந்தியவிடத்தும் மண் பொருந்துதல் அரிது. துடுப்பாட்டத்தின் ஆடுதளம் களிமண் இட்டு, நீர் தெளித்து, உருளையால் உருட்டி இறுக்கப்படுவது. பந்து சீராக எழுவதற்கு அவ்விறுக்கம் இன்றியமையாதது. உதைபந்தாட்டக்காரனுக்கோ அவ்விறுக்கமே பகை; விழுந்தால் முழங்கால் உரியும். அவன் சப்பாத்தின் ஆணிகள் ஆடுதளத்திற்குப் பகை. ஒரு மாலை ஆட்டம் பல வார உழைப்பைக் கிளறிவிடும். அவுஸ்திரேலியாவின் மெல்பேண் மைதானத்தார் ஆடுதளத்தை வேறிடத்தில் வளர்த்து, துடுப்பாட்டக் காலத்தில் கொணர்ந்து பதித்து, உதைபந்தாட்டக் காலத்தில் பெயர்த்தெடுக்கின்றனர். பொருள் வளம் குன்றிய பாடசாலைகள் சீமெந்துத் தளத்தின்மேல் பாய் விரித்து ஆடுவதும், உதைபந்தாட்டக் களத்தை அத்தளத்திற்கு ஒருபுறமாகத் தள்ளிக் கோடிடுவதும் அதே சிக்கலுக்கு எளியோர் கண்ட தீர்வுகளே.

இனி, காலமும் ஒரு வேலியாகும். ஆண்டின் முதல் மாதங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கும் துடுப்பாட்டத்திற்கும் உரியன. 1904ஆம் ஆண்டிலே தொடங்கி, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் பொரும் வடக்கின் பெரும்போர் மார்ச்சு மாதத்தையொட்டியே வருவது. அதன்பின் உதைபந்தாட்டம் களம் புகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை எல்லா ஆட்டத்தையும் நிறுத்திப் புல்லுக்கு ஓய்வளிக்கும். ஓராண்டை இவ்வாறு பங்கிட்டுக்கொண்டமையாலேயே பல கல்லூரிகளின் ஒற்றை மைதானங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிணக்கின்றி நிலைத்தன. பங்கீடு குலையும்போதே பிணக்குத் தோன்றும்.

அண்டை நாட்டு வரலாறு இதற்குச் சான்று பகரும். சென்னை மாநகராட்சி விளையாட்டரங்கு, பின்னர் ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கு எனப் பெயர் பெற்றது. 1956ஆம் ஆண்டு ஜனவரியில் வினூ மன்காட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் இணைப்பாட்டத்தில் 413 ஓட்டங்கள் குவித்தது அங்கேதான். 52 ஆண்டுகள் நிலைத்த உலக சாதனை அது. 1967ஆம் ஆண்டிலே சர்வதேசத் துடுப்பாட்டம் சேப்பாக்கத்திற்கு மீண்டது. 1993ஆம் ஆண்டிலே நேரு அரங்கு புதுக்கிக் கட்டப்பெற்று உதைபந்தாட்டத்திற்கும் மெய்வல்லுநர் போட்டிக்கும் உரித்தாயிற்று. பேரூரொன்றில் இரு மைதானங்கள் இருந்தமையால் இரண்டு ஆட்டங்களும் தத்தம் வழியே சென்றன, இழந்தோர் எவருமிலர்.

கொச்சியில் நிகழ்ந்தது வேறு. 1996ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அந்நகரின் கலூர் மைதானம் துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் கண்டது. 2017ஆம் ஆண்டிலே பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்திற்காக அதன் புற்றரை சீர்செய்யப்பெற்றது. மறு ஆண்டு, இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் பொரும் ஒருநாள் துடுப்பாட்டத்தை அங்கே நடத்தக் கருதியபோது, நடுவே ஆடுதளம் அமைக்கப் புற்றரையை அகழவேண்டுமே என உதைபந்தாட்ட வீரரும் அன்பரும் எதிர்ப்புரைத்தனர். துடுப்பாட்டத்தின் பெருமகனான சச்சின் தெண்டுல்கரும் அவ்வெதிர்ப்பின் பக்கமே நின்றார். ஈற்றில் 2018ஆம் ஆண்டு நொவெம்பர் முதலாந் தேதிப் போட்டி திருவனந்தபுரத்திற்கு மாற்றப்பட்டது. துடுப்பாட்டத்தாரும் 1998 முதல் அங்கே சர்வதேசப் போட்டிகள் கண்டவர்கள் ஆதலின் அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. பிணக்கின் மூலம் அளவன்று. புற்றரையை ஆக்கியவர் ஒருவர், அதனை அகழ்பவர் இன்னொருவர் என்னும் எண்ணமே அதன் மூலம்.

இவ்வெண்ணம் ஒரு நாட்டின் வரலாற்றோடு பிணைந்து நின்றதை அயர்லாந்திற் காணலாம். அந்நாட்டார் தமக்கேயுரிய கேலிக் உதைபந்தாட்டத்தையும், வளைகோல் கொண்டு ஆடும் ஹர்லிங் ஆட்டத்தையும் பேணுதற்கு 1884ஆம் ஆண்டிலே கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நிறுவினர். அவ்வாட்டங்களின் களம் 130 முதல் 145 மீற்றர் நீளமும் 80 முதல் 90 மீற்றர் அகலமும் உடையது. மிகப் பெரியது 51 பரப்புக்கு மேற்படும். சங்கத்தின் தலைமை மைதானமான டப்ளின் நகரத்துக் குறோக் பாக்கில் 1920ஆம் ஆண்டு நொவெம்பர் 21ஆம் தேதி ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் பிரித்தானியப் படையினர் சுட்டனர். 14 பேர் உயிரிழந்தனர். மாண்ட வீரர் மைக்கேல் ஹோகனின் பெயரை அங்குள்ள மேடையொன்று தாங்கி நிற்கின்றது. அம்மண்ணிலே பிரித்தானியர் வழிவந்த ஆட்டங்கள் இடம்பெறலாகாது என்னும் சங்க விதி நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம் கூறவேண்டுவதில்லை.

றக்பிக்கும் உதைபந்தாட்டத்திற்கும் உரிய லான்ஸ்டவுன் வீதி அரங்கு இடித்துக் கட்டப்பட வேண்டியதாயிற்று. அந்நாட்டு அணிகள் அக்காலத்தில் அயல்நாடு சென்று ஆடுவதா, குறோக் பாக்கில் ஆடுவதா என்னும் வினா எழுந்தது. ஊர்தோறும் கூலி பெறாத உழைப்பால் எழுந்த களங்களைப் போட்டி ஆட்டங்களுக்குத் தருவது தம் ஆட்டத்திற்குத் தாமே குழி பறித்தலாகும் என்றனர் ஒருசாரார். வாடகைப் பணம் ஊர்க் கழகங்களுக்கே பயன்படும். பெருந்தன்மையால் பெருமை குன்றாது என்றனர் மறுசாரார். 2005ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் கூடிய பேரவையில் 227 வாக்குகள் ஆதரவாகவும் 97 எதிராகவும் விழ, விதி தளர்ந்தது. 2007ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் தேதி இங்கிலாந்து றக்பி அணி அம்மண்ணில் நின்றபோது அந்நாட்டுக் கீதம் இசைக்கப்பட்டது. கூடியிருந்தோர் அமைதி காத்தனர். ஆட்டத்தில் அயர்லாந்து 43க்கு 13 என வென்றது. அடுத்த மாதம் அங்கே உதைபந்தாட்டமும் நடந்தேறியது. பெருங்களத்தினுள் சிறுகளம் வரையப்பட்டமையின் பார்வையாளர் சற்றுத் தொலைவிலிருந்தே ஆட்டத்தைக் கண்டனர்; அதனை ஒரு குறையாக எவரும் பெரிதுபடுத்தவில்லை.

சென்னை, கொச்சி, டப்ளின் ஆகிய மூன்று நகரங்களும் ஒன்றையே உணர்த்துகின்றன. அளவு பற்றிய வாதம் பெரும்பாலும் முகப்பு வாதமே; அதன் பின்னே நிற்பது இந்நிலத்தைப் பேணியவர் யார், அவரிடம் கேட்டார்களா என்னும் வினா. அயர்லாந்தில் 121 ஆண்டு வரலாறுடைய சங்கம் தானே விவாதித்துத் தானே வாக்களித்தமையால் வாயில் திறந்தது. கொச்சியில் கலந்து பேசுமுன் முடிவு செய்ததாகக் கருதப்பட்டமையால் வாயில் அடைபட்டது.

தீவகத்திற்கு இது தொலைவான பாடமன்று. 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பேரரங்கு ஒன்றின் வடிவம் வரைபடத்திலேயே முடிந்துவிடும். இருக்கை கட்டியபின் வட்டத்தை நீள்சதுரமாக்கவோ நீள்சதுரத்தை வட்டமாக்கவோ இயலாது. பிற ஆட்டங்களுக்கு அங்கே இடமுண்டா என்று வினவுதற்குரிய காலம் கல் அடுக்குமுன் உள்ள காலமே.

ஊர்க் கல்லூரி மைதானத்திற்கோ பெருஞ்செலவு வேண்டியதில்லை. உதைபந்தாட்டக் களத்தின் நான்கு மூலைகளையும் அளந்து முளையடித்து, ஆடுதளத்தை அதற்குப் புறத்தே அமைத்து, ஓட்டப் பாதையின் வளைவை முன்னரே கணித்து வைத்தல் கணித மாணவர் ஒரு வகுப்பினர் ஒரு மாலையில் முடிக்கத்தக்க பணி. ஆட்டக் காலங்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் கூடி எழுதி வைத்தல் இரண்டாவது பணி. அவ்வெழுத்தில் முதல் வரியாக இடம்பெறவேண்டியது, எக்காலத்தும் மூலைக்கு ஒதுக்கப்படும் மாணவியரின் வலைப்பந்தாட்டக் களம். அதற்கு வேண்டியது 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும், அதாவது இரண்டு பரப்புக்கும் குறைந்த நிலம். பெரியோர் வாதிடும் பரப்புகளோடு ஒப்பிடின் அது மிகச் சிறிது. அதனையும் அளந்து கொடுத்த மைதானமே எல்லார்க்கும் உரிய மைதானம் எனப்படும்.