ஆளுக்கு பாஸ்போர்ட், வண்டிக்கு?

புதுச்சேரியில் பாகூர் கொம்யூனின் தெற்குக் கோடியில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிறது சோரியாங்குப்பம். ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு சாமிகள் இந்த ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி கொடுக்கும். மற்ற நாட்களில் எல்லை தாண்டி வருகிறவர்களின் வேண்டுதல் வேறு. புதுச்சேரியில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு; மதுவும் மலிவு. கடலூர்க்காரர்கள் டேங்க்கை நிரப்பிக்கொள்ள இந்தப் பக்கம் வருவதும், திரும்பும்போது தமிழகப் போலீஸ் டிக்கியைத் திறந்து காட்டச் சொல்வதும் இந்த வட்டாரத்தில் யாரும் நின்று வேடிக்கை பார்க்காத காட்சிகள்.

இன்று இது மாநில எல்லை. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறும்வரை இதுவே இரண்டு தேசங்களின் எல்லை. 1941-ல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்க ஒன்றியம் அமைத்துக்கொண்டதால் சில ஆண்டுகள் சரக்குப் போக்குவரத்தில் பெரிய தொல்லை இல்லை. 1949-ல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. இந்திய அரசு புதுச்சேரியைச் சுற்றிச் சுங்கச்சாவடிகளை நிறுத்தியது. அப்போது பாகூர் வட்டாரத்திலிருந்து ஒருவர் கடலூருக்கு மாட்டுவண்டி ஓட்டினால் சட்டப்படி அது வெளிநாட்டுப் பயணம். சாவடியில் நின்றவர்களுக்கு வண்டியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைவிட, வண்டியில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

சொந்தக் காரில் வெளிநாடு போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் இதைத்தான் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தால் எந்த நாட்டுக்கும் நீங்கள் விருந்தாளி. உங்கள் கார் விருந்தாளி ஆகாது. அது வரி கட்டாமல் உள்ளே வரும் இறக்குமதிச் சரக்கு. அங்கே கொண்டுபோய் அதை விற்றுவிட மாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அந்தக் கேள்விக்கு உலகம் கண்டுபிடித்த பதில்தான் ‘கார்னே தே பஸாஜ்’ என்ற பிரெஞ்சுப் பெயர் கொண்ட புத்தகம். சுருக்கமாகக் கார்னே என்பார்கள். காருக்கான பாஸ்போர்ட் என்று இதை அறிமுகப்படுத்துவது வழக்கம். எனக்கென்னவோ இதை ஜாமீன் பத்திரம் என்று சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது.

இந்தியாவில் மும்பையிலுள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் போன்ற அமைப்புகள் கார்னே வழங்குகின்றன. காரின் மதிப்பையும் போகப்போகும் நாடுகளையும் கணக்கிட்டு ஒரு பெருந்தொகைக்கு வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். சாதாரணக் குடும்பத்தின் கனவு பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடும். கார் கடனில் வாங்கியதாக இருந்தால் கடன் கொடுத்த வங்கியின் ஒப்புதலும் வேண்டும். அதாவது, இன்னும் முழுசாக உங்களுடையதாக ஆகாத காரைத் திரும்பக் கொண்டுவருவதாக, இன்னொரு வங்கியின் பணத்தை வைத்து நீங்கள் சத்தியம் செய்கிறீர்கள்.

புத்தகம் கைக்கு வந்துவிட்டால் அதன் வேலை எளிமையானது. ஒரு நாட்டுக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளும் மூன்று துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நாட்டுக்குள் நுழையும்போது சுங்க அதிகாரி கீழ்த்துண்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு, மேல்துண்டில் முத்திரை குத்துவார். வெளியேறும்போது நடுத்துண்டைக் கிழித்துக்கொண்டு, அதே மேல்துண்டில் இன்னொரு முத்திரை. கடைசியில் உங்களிடம் மிஞ்சுவது இரண்டு முத்திரைகள் விழுந்த மேல்துண்டு மட்டும். இடையில் பானட்டைத் திறக்கச் சொல்வார்கள். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் டார்ச் அடித்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். சேஸிஸ் எண் மேல் அழுக்கும் கிரீஸும் ஏறியிருந்தால் துடைத்துக் காட்ட வேண்டியது உங்கள் பாடு. பழைய துணி ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.

வெளியேறும் முத்திரை விழாமல் போனால்தான் வம்பு. அந்த நாட்டின் ஏட்டில் உங்கள் கார் உள்ளே வந்திருக்கிறது, வெளியே போகவில்லை. இறக்குமதி வரியைக் கேட்டு அவர்கள் சங்கத்துக்கு எழுதுவார்கள். சங்கம் உங்கள் வங்கி உத்தரவாதத்தில் கை வைக்கும். கார் என்னவோ உங்கள் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருக்கும். நள்ளிரவில் எல்லைக்கு வந்து சேர்ந்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அதிகாரி கையை ஆட்டி ‘போ போ’ என்றாலும் போகக் கூடாது. முத்திரை விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளட்சை விட வேண்டும்.

மற்ற காகிதங்கள் அவ்வளவு பாடுபடுத்தாதவை. சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டை ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே வாங்கலாம், ஓராண்டு செல்லும். காரின் பின்புறத்தில் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ.என்.டி.’ எழுத்துகள் கொண்ட முட்டைவடிவ ஸ்டிக்கர் வேண்டும். காப்பீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. நம் கார் பாலிசி இந்திய எல்லையோடு முடிந்துவிடும். கூடுதல் பிரீமியம் கட்டி நேபாளம், பூடான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய ஆறு நாடுகளுக்கு அதை நீட்டிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. மாலத்தீவுக்குக் காரை எந்தச் சாலையில் ஓட்டிப்போவது என்று விதி எழுதியவர்கள் சொல்லவில்லை.

இந்தப் பட்டியலில் பாகூர்க்காரர்களுக்குப் பக்கத்து நாடு இலங்கைதான். காரைக்காலும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதானே. அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்போவதாக 2023-ல் பேச்சு அடிபட்டது. கடைசியில் அது நாகப்பட்டினத்துக்குப் போய், அந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று முதல் கப்பல் புறப்பட்டது. கொஞ்ச நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. கடல்வழி 110 கிலோமீட்டர்தான். சோரியாங்குப்பத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலைத் தூரத்தைவிடக் குறைவு. ஆனால் அந்தக் கப்பல் ஆட்களையும் மூட்டை முடிச்சுகளையும்தான் ஏற்றும், காரை ஏற்றாது. இலங்கையிலும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் வழி கேட்கத் தமிழே போதும். இவ்வளவு பொருத்தம் இருந்தும் நம் காருக்கு மட்டும் அங்கே வழியில்லை. கார் ஏற்றும் ஒரு கப்பலை இந்தத் தடத்தில் விட்டால் தென்தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் வடஇலங்கைக்கும் நடக்கக்கூடிய வியாபாரத்தை யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

நிலவழியாகத் தொலைதூரம் போக நினைத்த தமிழர்களுக்கு இருந்த வாசல் மணிப்பூரின் மோரே. இந்தியா – மியான்மர் – தாய்லாந்து முத்தரப்பு நெடுஞ்சாலை தொடங்கும் இடம் அது. அங்கே போய் இறங்கும் தமிழருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும்: அங்காள பரமேஸ்வரி கோயிலும் தமிழ்ச் சங்கமும். 1962-ல் பர்மாவில் நெ வின் ராணுவ ஆட்சியைப் பிடித்துக் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியதும், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். வந்தவர்களில் சிலருக்கு இங்கே வேர் பிடிக்கவில்லை. பர்மாவே தேவலாம் என்று, அறுபதுகளின் நடுவில் வடகிழக்கு வழியாகத் தரைமார்க்கமாகத் திரும்பப் புறப்பட்டார்கள். எல்லையில் பர்மியக் காவலர்கள் உள்ளே விடவில்லை. முன்னும் போக முடியாமல் பின்னும் வர மனமில்லாமல் மோரேயிலேயே குடிசை போட்டு, கடை வைத்து, கோயில் கட்டி ஒரு தமிழ்க் குடியிருப்பை உண்டாக்கினார்கள். இம்பாலுக்கு அப்பால் மலை இறங்கி அந்த ஊருக்குள் நுழைகிறவருக்கு இட்லி, தோசை கிடைப்பது இப்படித்தான்.

2017-ல் கோவையிலிருந்து மீனாட்சி அரவிந்தும் அவருடைய தோழியரும் டாடா ஹெக்ஸா காரில் லண்டன்வரை போனது இந்த வழியாகத்தான். எழுத்தறிவுப் பிரசாரத்துக்காக எழுபது நாள், 24 நாடுகள், 24,000 கிலோமீட்டர் என்று திட்டமிட்ட பயணம் அது. ஓட்டியது நாடறிந்த பந்தய ஓட்டுநர்கள் இல்லை, குடும்பப் பெண்கள். மோரேயைத் தாண்டி மியான்மர் பக்கத்து ஊரான தமு வந்ததுமே கை பழக்கத்தை மாற்ற வேண்டும். மியான்மரில் 1970 முதல் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். ஆனால் அங்குள்ள கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டியரிங்கும் நம்முடையதைப் போல வலப்பக்கமே இருக்கும். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே வருவது ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் எட்டிப் பார்த்து ‘இப்ப போ’ என்று சொல்ல வேண்டும். நம்பிக்கையான ஆள் பக்கத்தில் இல்லாமல் அந்த நாட்டில் ஓட்டக் கூடாது. தாய்லாந்துக்குள் போனதும் மறுபடி இடப்பக்கம். 2016-லிருந்து தாய்லாந்து, பக்கத்து நாடுகளின் வண்டிகள் தவிர மற்றவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்கிறது. சீனா இன்னும் ஒரு படி மேல்: வழிகாட்டி கூடவே வர வேண்டும், அந்த நாட்டுத் தற்காலிக லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் வாங்க வேண்டும்.

இப்போது அந்தக் கிழக்கு வாசலும் சாத்திக்கிடக்கிறது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் வெடித்தது. மோரேத் தமிழர்களே பிழைப்புக்குத் திண்டாடும் நிலையில் காரில் உல்லாசப் பயணம் பற்றிப் பேசுவதும் நாகரிகம் ஆகாது. மேற்கில் பாகிஸ்தானுக்குப் போகும் அட்டாரி வழியும் 2025 ஏப்ரலில் மூடப்பட்டுவிட்டது. ஆக, இந்தியக் கார் ஐரோப்பா போக வேண்டுமென்றால் பெரும்பாலும் முதலில் கப்பலேற வேண்டும். 2022 கால்பந்து உலகக் கோப்பைக்குக் கேரளத்திலிருந்து கத்தார் போன நாஜி நௌஷி என்ற இளம் தாய் அப்படித்தான் செய்தார்: மஹிந்திரா தார் வண்டியை மும்பையிலிருந்து ஓமனுக்குக் கப்பலில் அனுப்பி, அங்கிருந்து வளைகுடா நாடுகளை ஒவ்வொன்றாகத் தானே ஓட்டிக் கடந்தார்.

கப்பல் வாடகை, துறைமுகக் கூலி, கார்னே, உத்தரவாதம், நாட்டுக்கு நாடு காப்பீடு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பாரிஸுக்கு விமானத்தில் போய் அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுப்பது பலமடங்கு மலிவு. ஓரிரு மாதத்துக்குக் குறைந்த பயணத்துக்குச் சொந்தக் காரை இழுத்துப் போவது வீண் செலவு என்பதே என் முடிவு. இருந்தும் போகிறார்கள். ‘பி.ஒய். 01’ என்ற நம்பர் பிளேட்டோடு ஈபில் கோபுரத்தின் முன்னால் எடுக்கும் படத்தை வாடகைக் காரில் எடுக்க முடியாதே! இதே ‘பி.ஒய்.’ பிளேட்டுக்கு வரி குறைவென்று, புதுச்சேரியில் ஒரு நாள்கூடக் குடியிருக்காத கேரளப் பிரபலங்கள் இங்கே முகவரி காட்டிச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்ததாக 2017-ல் கிளம்பிய சர்ச்சையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தமிழர்கள் தினசரி காரில் நாடு தாண்டும் எல்லை ஒன்று உண்டு. சிங்கப்பூரிலிருந்து பாலத்தைக் கடந்து மலேசியாவின் ஜொகூர். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகவும், மளிகை வாங்கவும், முடி வெட்டிக்கொள்ளவும்கூடப் போகிறார்கள். அங்கேயும் விவகாரம் சோரியாங்குப்பத்து விவகாரமேதான். ஜொகூரில் பெட்ரோல் மலிவு. சிங்கப்பூர் கார் வெளியேறும்போது டேங்க்கில் முக்கால் பங்காவது எரிபொருள் இருந்தாக வேண்டும் என்று சிங்கப்பூர் சட்டம் வைத்திருக்கிறது. இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் உண்டு. மலேசியாவோ தன் மானிய பெட்ரோலை வெளிநாட்டுக் காருக்கு விற்கக் கூடாது என்று பெட்ரோல் பங்க்குகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து சிங்கப்பூர் கார்களுக்கு வாகன நுழைவு அனுமதியையும் கண்டிப்பாக்கியது. ஆற்றின் இரு கரையிலும் இரண்டு விலை இருந்தால், நடுவில் ஒரு போலீஸ்காரர் இருப்பார்; அது தென்பெண்ணையானாலும் ஜொகூர் நீரிணையானாலும் ஒன்றுதான்.

பாகூர் பக்கத்திலிருந்து இன்றைய தேதிக்கு உண்மையில் காரிலேயே போய்வரக்கூடிய வெளிநாடு நேபாளம். ரக்சால் அல்லது சோனௌலி எல்லைவரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நிதானமாக ஓட்டினால் நான்கைந்து நாள். நேபாளத்துக்கு நமக்கு பாஸ்போர்ட்கூட வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். காருக்குக் கார்னேயும் வேண்டாம். எல்லையில் ‘பன்சார்’ எனப்படும் சுங்கச் சீட்டை நாள் கணக்கில் பணம் கட்டி வாங்க வேண்டும். ஒரு நாள் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைபட்டால் சீட்டின் கெடு தாண்டிவிடும், கெடு தாண்டினால் அபராதம். இந்தியப் பதிவெண் வண்டிக்கு ஆண்டுக்கு மொத்தம் 30 நாள்தான் கணக்கு. பூடானுக்கும் ஃபுன்ட்ஷோலிங் வழியாகப் போகலாம். ஆனால் அங்கே இந்தியப் பயணிக்கு ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம். எல்லை ஊரைத் தாண்டி உள்ளே போகும் காருக்குத் தனியாக அனுமதியும் கட்டணமும். நான்கு பேர் குடும்பமாகப் போனால் பர்ஸ் வேகமாக இளைக்கும். கார் அப்பா பெயரில் இருந்து மகன் ஓட்டுவதாக இருந்தால், அசல் ஆர்.சி. புத்தகத்தோடு அப்பா கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் இருக்கட்டும். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். ரக்சாலில் தமிழ் படிக்க ஆள் கிடைக்காது.