பிடில் ஒன்று, பட்டியல் இரண்டு

1930-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி, ஹாலிவுட்டில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், கண்ட்ரி இசையின் பிதா என்று அமெரிக்கர் இன்றளவும் போற்றுகிற ஜிம்மி ராட்ஜர்ஸ் தம்முடைய ‘ப்ளூ யோடல்’ வரிசையில் ஒன்பதாவது பாட்டைப் பாடினார். அவருக்குத் துணையாக டிரம்பெட் ஊதியவர் ஜாஸ் உலகின் சக்கரவர்த்தியான லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ வாசித்தவர் அவர் மனைவி லில் ஹார்டின். பாடியவர் மிஸிஸிப்பி மாகாணத்து வெள்ளையர், ரயில்வேயில் உழைத்துக் காசநோய் கண்டு அந்த உத்தியோகத்தை விட்டவர். ஊதியவர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பர். பாட்டோ பன்னிரண்டு தாளக்கட்டுகளில் அடங்கும் அசல் ப்ளூஸ். விக்டர் கம்பெனி அச்சிட்ட லேபிளில் ராட்ஜர்ஸின் பெயர் இருந்தது. ஆம்ஸ்ட்ராங் தம்பதியின் பெயர் இல்லை. பெயரை விட்டுவிடலாமே தவிர அந்த டிரம்பெட்டின் நாதத்தை மறைக்க வழியில்லையாகையால், ஆம்ஸ்ட்ராங்கை ஒருமுறை கேட்டிருந்த எவரும் முதல் இரண்டு சுவரங்களிலேயே ஆளை அடையாளம் கண்டுகொண்டிருப்பார்.

ப்ளூஸ் கறுப்பருடைய சங்கீதம், கண்ட்ரி வெள்ளையருடைய சங்கீதம் என்பது அமெரிக்காவில் இன்று குழந்தைக்கும் தெரிந்த பாகுபாடு. ஏதோ ரத்தத்திலிருந்தே ஊறி வந்தது போலவும், ஒரு மொழி அதைப் பேசுவோரின் நாவில் படிந்திருப்பது போல அந்தந்த இனத்தாரின் தொண்டையில் படிந்திருப்பது போலவும் இதைப் பேசுகிறார்கள். இந்தப் பாகுபாட்டின் வயது ஏறத்தாழ நூறு வருஷந்தான். அது ஜனித்த இடமும் மிஸிஸிப்பியின் பருத்திக்காடோ அப்பலாச்சியன் மலைச்சரிவோ அன்று, நியூயார்க் நகரத்து இசைத்தட்டுக் கம்பெனிகளின் விலைப்பட்டியல் என்று சொன்னால், முதலில் கேட்பவருக்குச் சற்று மிகையாகத்தான் தோன்றும்.

பட்டியல்கள் வருவதற்கு முன்பு தென் மாகாணங்களில் என்ன இருந்தது? பாஞ்சோ என்ற வாத்தியம் மேற்கு ஆப்பிரிக்காவின் சுரைக்குடுவை வீணைகளை நினைவில் சுமந்து வந்த அடிமைகள் புதிய மண்ணில் செய்துகொண்டது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் அது பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருந்தது. 1843-இல் நியூயார்க் மேடையில் ‘வர்ஜினியா மின்ஸ்ட்ரல்ஸ்’ என்ற வெள்ளையர் கோஷ்டி முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பரைப் பரிகசித்து ஆடிப் பாடிக் காசு பார்த்தபோது, அந்தப் பரிகாசத்தின் முக்கியக் கருவியாகவே பாஞ்சோ வெள்ளையர் கைக்குப் பெருவாரியாக மாறியது. பிடில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆனால் பண்ணை முதலாளிகளின் மாளிகைகளில் நடந்த நடன விருந்துகளில் அதை வாசித்தவர்கள் பல இடங்களில் அடிமைகளே. ஆக, இரண்டு கண்டங்களிலிருந்து வந்த இரண்டு வாத்தியங்கள் ஒன்றாகச் சேர்ந்து தெற்கத்திய நடன வாத்தியக் கோஷ்டியாகி, இரு இனத்தாரின் கல்யாணங்களிலும் அறுவடைக் கொண்டாட்டங்களிலும் ஒலித்தன. வாழ்க்கையில் நிறபேதம் இல்லை என்று சொல்ல வரவில்லை. அது கொடூரமாக இருந்தது. ஆனால் அதே பேதம் பாட்டுகளின் நடுவே அத்தனை நேராகக் கோடு கிழித்து ஓடவில்லை.

கோடு விழுந்த கதை 1920-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதியில் தொடங்குகிறது. பெர்ரி பிராட்ஃபோர்டு என்ற கறுப்பினப் பாடலாசிரியர் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி வற்புறுத்தியதன் பலனாக, ‘ஓக்கே’ கம்பெனியார் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியைக் கொண்டு ‘கிரேஸி ப்ளூஸ்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். அது விற்ற வேகத்தைப் பார்த்துக் கம்பெனிக்காரர்களே திகைத்தார்கள். கறுப்பரும் கிராமபோன் வைத்திருக்கிறார்கள், தம்மவர் குரலைக் கேட்கக் காசு கொடுப்பார்கள் என்ற உண்மை அன்றுதான் அவர்களுக்குப் புலப்பட்டதாம். மறுவருஷமே 8000 என்ற எண்ணில் தொடங்கும் தனி வரிசை ஒன்று கறுப்பருக்கென்று பிறந்தது. ‘ரேஸ் ரெக்கார்டு’, அதாவது இன இசைத்தட்டு என்று அவ்வகைத் தட்டுகளுக்குப் பெயர் வழங்கலாயிற்று. அக்காலத்துக் கறுப்பினப் பத்திரிகைகள் தம் மக்களைக் குறிக்கப் பெருமிதத்தோடு ஆண்ட சொல்லே அது. ஆகையால் பெயரில் இழிவு இல்லை. அதே 1921-இல் ஹாரி பேஸ் என்ற கறுப்பினத் தொழிலதிபர் ஹார்லெமில் ‘பிளாக் ஸ்வான்’ என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கி, மேல்நாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தையும் கறுப்பர் பாடுவர் என்று காட்ட முயன்றார். சில வருஷங்களில் கம்பெனி நொடித்தது. நாடு கறுப்பரிடமிருந்து கேட்க விரும்பிய சங்கீதம் ஒன்றே ஒன்றுதான்.

இரண்டாவது பட்டியலின் பிறப்பு இன்னும் விசித்திரமானது. 1923-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஓக்கே கம்பெனியின் ரால்ஃப் பியர் ஒலிப்பதிவு இயந்திரங்களோடு அட்லாண்டா நகரம் சென்றார். அவ்வூரில் மேஜை நாற்காலிக் கடை நடத்தி அதனோடு இசைத்தட்டும் விற்றுவந்த போல்க் பிராக்மன், ஜான் கார்ஸன் என்ற பிடில்காரரைப் பதிவு செய்யுமாறு வேண்டினார். கார்ஸனுடைய பாட்டு பியருக்குச் சகிக்கவில்லை. இதை யார் வாங்குவார் என்று முகம் சுளித்தார். பிராக்மனோ தமக்கென்று 500 தட்டுகள் அச்சிடச் சொல்லி வாங்கினார். அவை வந்த வேகத்தில் தீர்ந்தன. தெற்கத்திய வெள்ளைக் குடியானவனும் ஒரு சந்தை என்று கம்பெனிகள் அறிந்தது அப்போதுதான். கார்ஸன் அன்று பாடிய பாட்டு எது தெரியுமா? வில் ஹேய்ஸ் என்பவர் 1871-இல் மின்ஸ்ட்ரல் மேடைக்காக எழுதிய ‘லிட்டில் ஓல்டு லாக் கேபின் இன் தி லேன்’: விடுதலை பெற்ற ஒரு கிழ அடிமை, பாழடைந்த தன் குடிசையின் வாசலில் அமர்ந்து பழைய நாட்களை நினைத்து ஏங்குவதாக அமைந்தது. வெள்ளையர் சங்கீதத்துக்கு ஆதி என்று சரித்திரக்காரர் சுட்டும் தட்டில், ஒரு வெள்ளையர் கறுப்பனின் வாயாக நின்று பாடுகிறார். இதைவிடப் பெரிய நகைச்சுவையைக் கற்பனையாக எழுதினால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அதன் பிறகு ஒவ்வொரு கம்பெனியும் இரண்டு பட்டியல் வைத்தது. கொலம்பியாவில் 14000 வரிசை கறுப்பருக்கு, 15000 வரிசை வெள்ளையருக்கு. இந்த எண்கள் வெறும் கடைக்காரர் சௌகரியத்துக்காக ஏற்பட்டவை என்றே வைத்துக்கொண்டாலும், அவை செய்த காரியம் சாமானியமானதன்று. பிடிலும் கையுமாக வந்த கறுப்பினக் கலைஞரிடம், அது எங்கள் பட்டியலில் விலைபோகாது, ப்ளூஸ் தெரியுமா என்று கேட்டார்கள். ப்ளூஸ் பாட வந்த வெள்ளையரிடம் மலைநாட்டுப் பழம்பாட்டு கேட்டார்கள். வந்தவரின் பாண்டத்தில் பத்து வகை இருந்தாலும் பட்டியலுக்குப் பொருந்திய ஒரு வகை மட்டுமே மெழுகில் பதிந்தது. பிற்காலத்து ஆராய்ச்சியாளர், அந்த மெழுகையே சாட்சியாகக் கொண்டு, கறுப்பருக்குப் பிடில் சம்பிரதாயம் இருந்ததில்லை என்று முடிவு கட்டினார்கள். சந்தை ஒரு கருத்தோடு வடிகட்டியதை, சரித்திரம் சுபாவம் என்று எழுதிக்கொண்டது. நான் அறிந்தவரையில் இவ்விஷயம் முழுவதிலும் மிகவும் கவனிக்கத்தக்க இடம் இதுவே. வேறெந்தத் துவேஷப் பிரசங்கத்தையும்விட இந்த மௌனமான வடிகட்டல் ஆழமாக வேலை செய்திருக்கிறது.

வடிகட்டியில் ஓட்டைகள் இல்லாமலில்லை. மிஸிஸிப்பியைச் சேர்ந்த சாட்மன் குடும்பத்தார் ‘மிஸிஸிப்பி ஷீக்ஸ்’ என்ற பெயரில் பிடிலும் கிதாருமாக வெள்ளையர் நடனங்களுக்கும் வாசித்தவர்கள். 1930-இல் அவர்கள் பதிவு செய்த ‘சிட்டிங் ஆன் டாப் ஆஃப் தி வேர்ல்டு’ பிற்பாடு வெள்ளையரான பாப் வில்ஸும் பில் மன்றோவும், கறுப்பரான ஹௌலின் உல்ஃபும் தத்தம் போக்கில் பாடும் பொதுச் சொத்தாயிற்று. ஆலன் சகோதரர்கள் என்ற வெள்ளையர் இருவர் 1927-இல் பாடிய ப்ளூஸ், கொலம்பியாவின் கைப்பிசகால் 14000 வரிசையில் வெளிவந்துவிட்டது. கேட்டுத் தரம் பிரிக்கவேண்டிய கம்பெனிக்கே பாடியவரின் நிறம் காதில் விழவில்லை! தங்களைக் கறுப்பர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று சகோதரர்கள் கொதித்தெழுந்து, வழக்குத் தொடுக்கப்போவதாக மிரட்டி, கடைசியில் கம்பெனியையே மாற்றிக்கொண்டார்கள்.

கறுப்பர் பக்கத்து ஓட்டைகளுக்கு வேறு கதி. வர்ஜினியா மலைப்புறத்து ஏ. பி. கார்ட்டர், பாட்டுத் தேடி ஊர் ஊராக அலைந்தபோது, கூடவே சென்று மெட்டுகளை மனத்தில் வாங்கி வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார்க்காரர். பாட்டுகளின் பாத்தியதை கார்ட்டர் பெயரில் பதிவாயிற்று. நாஷ்வில் வானொலியில் 1927-இல் ஓர் இரவு, மேல்தட்டு ஆபராவைக் கேலி செய்து ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற பெயரை அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே உதிர்த்தது, டிஃபோர்டு பெய்லி என்ற கறுப்பர் மௌத் ஆர்கனில் ஒரு ரயிலின் ஓட்டத்தை அப்படியே வாசித்துக் காட்டியதை ஒட்டித்தான். கண்ட்ரி இசையின் கோவிலாகக் கருதப்படும் அந்நிகழ்ச்சி 1941-இல் பெய்லியை வெளியேற்றியது. அதன் பிறகு அவர் அதே நகரத்தில் பாதரட்சை மெருகிடும் கடை நடத்திப் பிழைத்தார். 1982-இல் அவர் காலமானார். கண்ட்ரி இசையின் கீர்த்தி மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2005-இல்.

பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1949-இல் ‘பில்போர்டு’ பத்திரிகையிலிருந்த ஜெர்ரி வெக்ஸ்லரின் யோசனைப்படி ‘ரேஸ்’ என்பது ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ ஆயிற்று; மற்றது ‘கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ ஆயிற்று. சுவர் மட்டும் பூச்சு மாறி நின்றது. 1954-இல் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டு வந்தபோது ஒரு பக்கம் ஆர்தர் கிருடப் என்ற கறுப்பருடைய பாட்டு, மறுபக்கம் மன்றோவின் பாட்டு. மெம்பிஸ் வானொலியில் டூயி பிலிப்ஸ் அந்த இளைஞரிடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று கேட்டது கல்வியில் கொண்ட அக்கறையினால் அன்று, பள்ளியின் பெயரைக் கேட்டால் பையன் வெள்ளையன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதனால். 1966-இல் சார்லி பிரைடு என்ற கறுப்பினப் பாடகரின் தட்டை வானொலி நிலையங்களுக்கு அனுப்பிய ஆர்.சி.ஏ. கம்பெனி வழக்கமாகக் கூட வைக்கும் புகைப்படத்தை வைக்காமலே அனுப்பியது. குரலைக் கேட்டு எல்லோரும் மெச்சினார்கள். 1971-இல் கண்ட்ரி இசைச் சங்கத்தின் தலையாய விருது அவருக்கே கிடைத்தது.

இத்தனையும் சொன்ன பிறகு, சங்கீதத்துக்கு ஜாதியில்லை, நிறமில்லை என்று கைகூப்பி முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் சம்மதமில்லை. ப்ளூஸ் கறுப்பருடையது என்பதில், பட்டியல் செய்த பொய்யோடு கூட ஓர் உண்மையும் கலந்திருக்கிறது. 1963-இல் ‘ப்ளூஸ் பீப்பிள்’ என்ற நூலை எழுதிய கவிஞர் லீராய் ஜோன்ஸ் வாதித்தது இதைத்தான்: அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டும் பிரஜையாக ஏற்கப்படாத ஒரு ஜனசமூகத்தின் சரித்திரத்தை அதன் இசையிலிருந்து பிரித்து எடுக்க இயலாது. பட்டியல் பொய்யாக வரைந்த வேலிக்குள் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள், அந்த நிலத்தை மெய்யாகவே தம்முடையதாகப் பண்படுத்திவிட்டார்கள். மேலும், இசை எல்லோருக்கும் பொது என்ற உயர்ந்த வாக்கியத்தை யார் எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும். எல்விஸின் முதல் தட்டுக்குப் பாட்டுக் கொடுத்த கிருடப், தமக்கு நியாயமாக வரவேண்டிய உரிமைத்தொகை வந்துசேராமலே 1974-இல் இறந்தார். பாட்டு வேலியைத் தாண்டியது, பணம் தாண்டவில்லை. ஒலியில் இல்லாத வேலி கல்லாப்பெட்டியில் இருந்தது.

அண்மைக் காலத்தில் வேறொரு முயற்சி தோன்றியிருக்கிறது. 2005-இல் வட கரோலினா மாகாணத்துப் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோக் கலைஞரும் ஆராய்ச்சியாளரும் கூடினார்கள். அங்கே சந்தித்த இளைஞர்களான ரியானன் கிடன்ஸும் தோழர்களும், பழைய கறுப்பினப் பிடில் சம்பிரதாயத்தின் கடைசிக் கண்ணிகளில் ஒருவராக விளங்கிய முதியவர் ஜோ தாம்ஸனிடம் நேரில் பாடம் கேட்டு, வடிகட்டியில் தங்கிப்போனதை மேடையேற்றினார்கள். ஆனால் பட்டியல் அவ்வளவு சுலபமாகத் தளர்வதாக இல்லை. 2019-இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் ‘ஓல்டு டவுன் ரோடு’ கண்ட்ரிப் பட்டியலில் ஏறியதும், இக்காலத்துக் கண்ட்ரியின் அம்சங்கள் போதவில்லை என்று சொல்லிப் பில்போர்டு அதை இறக்கிவிட்டது. அந்தப் பாட்டின் அடியில் இடையறாது ஒலிப்பது பாஞ்சோவின் ஒலித்துணுக்கு! பொதுப் பட்டியலில் அது 19 வாரம் முதலிடத்தில் நின்றது.

2024-இல் பியான்ஸே ‘கௌபாய் கார்ட்டர்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். அதில் ‘டெக்ஸஸ் ஹோல்டு எம்’ பாட்டுக்கு பாஞ்சோ வாசித்தவர் மேலே சொன்ன கிடன்ஸ். கண்ட்ரிப் பட்டியலில் ஒரு கறுப்பினப் பெண் முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை. கண்ட்ரி இசைச் சங்கம் அவ்வருஷத்து விருதுகளுக்கு அவர் பெயரை ஒரு பிரிவில்கூட முன்மொழியவில்லை. 2025 பிப்ரவரியில் கிராமி விருதுக் குழுவினர் சிறந்த கண்ட்ரித் தொகுப்பு என்ற பரிசை அதற்கே அளித்தார்கள். சில மாதங்களில் அந்தப் பரிசை அவர்கள் இரண்டாக வகுத்து, ‘சமகாலக் கண்ட்ரி’ என்றும் ‘பாரம்பரியக் கண்ட்ரி’ என்றும் பெயரிட்டார்கள். இது நெடுநாளாக இருந்துவந்த கோரிக்கைதான் என்று விளக்கமும் தரப்பட்டது. இருக்கலாம். ஜான் கார்ஸனுடைய பிடிலும் டிஃபோர்டு பெய்லியின் மௌத் ஆர்கனும் இன்று போட்டிக்கு வந்தால், இவ்விரண்டில் எதிலே யாரைச் சேர்ப்பார்கள் என்பதை மட்டும் அந்தக் குழுவினரிடம் கேட்டுப் பார்க்க ஆசை.