வீடு திரும்பிய பின் உடல்நலம் பற்றி யாரிடம் கேட்பது?

மண்சரிவு பயத்தால் லயத்தை விட்டுப் போன குடும்பங்கள் திரும்பி வந்ததும் முதலில் கூரையையும் தண்ணீரையும் அடையாள அட்டையையும்தான் பார்ப்பார்கள். அது நியாயமே. ஆனால் இடம்பெயர்வில் அறுந்துபோகும் இன்னொரு தொடர்பும் உண்டு. அது உங்கள் பிரிவின் குடும்ப நல உத்தியோகத்தரோடு, அதாவது மிட்வைப் மிஸ்ஸோடு இருந்த தொடர்பு. அதை மீண்டும் கட்டிக்கொள்வது எப்படி, ஏன் என்று இங்கே சொல்கிறோம்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. தப்பிய குடும்பங்கள் முதலில் பாடசாலைகளிலும், பிறகு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினார்கள். புதிய வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. அந்த இரண்டு வருடங்களில் ஒரு பெண் கர்ப்பமாகிப் பிள்ளை பெற்றுவிடலாம். ஒரு சிறுமி பெரியவளாகிவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்கு எட்டுத் தவணை வந்துபோகும். வீடு இல்லை என்பதற்காக உடம்பு காத்திருப்பதில்லை.

ஏன் கூட்டாகச் செய்ய வேண்டும்?

தோட்டத்தில் சுகாதாரம் ஒருவர் கையில் மட்டும் இல்லை. கிளினிக்கும் மிட்வைப்பும் அரசின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கீழே வருவார்கள். தோட்ட வைத்திய உதவியாளரும் பிள்ளைக் காம்பராவும் தோட்ட நிர்வாகத்தோடு சேர்ந்தவை. 1992இல் அமைந்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தில் அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றுக்கும் இடம் உண்டு. ஒரு தரப்புக்குத் தெரிந்தது மற்றத் தரப்புக்குத் தெரியாமல் போனால், நடுவில் விடுபடுவது நீங்கள்தான். ஆகவே மாதர் சங்கம், கோயில் கமிட்டி, வாலிபர் சங்கம், பாடசாலை ஆகியவையும் சேர்ந்து கேட்டால்தான் தகவல் லயம்வரை வரும்.

பழைய பயம் ஒன்று

"குடும்பக் கட்டுப்பாடு" என்றதும் சில பாட்டிமார் முகம் சுளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1980இல் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. கையில் காசில்லாத குடும்பத்துக்கு அந்தப் பணம் பெரிது. மற்ற முறைகளைப் பற்றிச் சரியாகக் கேட்டறியாமலே முடிவெடுத்தவர்களும் இருந்தார்கள்.

அதனால்தான் கல்வி வேண்டும் என்கிறோம். ஆணுறை, மாத்திரை, மூன்று மாத ஊசி, கையில் வைக்கும் குச்சி, லூப் ஆகியவை தற்காலிக முறைகள். நிறுத்தினால் மீண்டும் பிள்ளை பெறலாம். பெண்ணுக்கோ ஆணுக்கோ செய்யும் சத்திரசிகிச்சை நிரந்தரமானது. இவற்றில் எது, எப்போது, அல்லது எதுவுமே வேண்டாமா என்பது உங்கள் முடிவு. உங்கள் சம்மதமில்லாமல் யாரும் செய்யக்கூடாது. விளங்கவில்லை என்றால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். விளங்கும்வரை கையொப்பம் வைக்க வேண்டாம்.

திரும்பிய முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

மிட்வைப்பிடம் குடும்பத்தைப் பதிந்துகொள்ளுங்கள். கர்ப்ப அட்டையோ பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடோ மண்ணில் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். அட்டை இல்லை என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

கர்ப்பம் என்று சந்தேகம் வந்தால், எட்டு வாரம் முடியுமுன்பே பதியுங்கள். இரத்தப் போக்கு, கடுமையான தலைவலி, வலிப்பு இருந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. கர்ப்பம் கலைந்து இரத்தம் போனாலும், காரணம் எதுவானாலும், மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதம் உயிருக்கு ஆபத்து.

மூன்று மாத ஊசி போட்டவர்கள் தவணை தப்பியிருந்தால், பாதுகாப்பு முடிந்திருக்கலாம். கிளினிக்குக்குப் போகும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் ஆறாம் தரச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. முதல் ஊசிக்கு ஆறு மாதம் கழித்து அடுத்தது. முகாமில் இருந்தபோது ஒன்று தப்பியிருந்தால், பாடசாலையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சொல்லுங்கள். முப்பத்தைந்து வயதான பெண்கள் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்தையும் மார்பகத்தையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

வெள்ளைப்படுதலில் நாற்றம், பிறப்புறுப்பில் புண், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் போன்றவை இருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அது பாலுறவால் தொற்றும் நோயாக இருந்தால், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மருந்து எடுத்தால்தான் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்ப வராது.

பிள்ளைகளும் ஆண்களும்

மகள் பெரியவளானால் சடங்கு செய்கிறோம், சொந்தக்காரரைக் கூப்பிடுகிறோம். அதே நாட்களில் மாதவிடாய் ஏன் வருகிறது, துணியையோ பேடையோ எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். மகனுக்கும் சொல்லுங்கள். தெரியாத பையன் கேலி செய்வான், தெரிந்தவன் செய்யமாட்டான்.

இலங்கையில் திருமண வயது 18. பாதுகாப்பு என்று நினைத்துச் சிறுமியைக் கட்டிக்கொடுப்பது பாதுகாப்பல்ல. பதினெட்டுக்குக் குறைந்த பெண் கர்ப்பமாகியிருந்தால், அவளுக்கும் கிளினிக் உதவி உண்டு. பிள்ளைக்குத் துன்புறுத்தல் என்றால் 1929, பெண்ணுக்கு என்றால் 1938 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

பிள்ளைக் காம்பராவிலோ கோயில் மண்டபத்திலோ மாதம் ஒரு நாள் போதும். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகான நேரமாக இருக்கட்டும். கிளினிக் நாளில் கூலி போகிறது என்பது உண்மையான கஷ்டம். அதைக் கங்காணியிடமும் தலைவரிடமும் கூட்டத்திலேயே பேசித் தீருங்கள். பெண்களுக்குத் தனியாக ஒரு முறை, ஆண்களுக்குத் தனியாக ஒரு முறை, பிறகு இருவருக்கும் சேர்த்து ஒரு முறை வைக்கலாம். மிட்வைப்பை அழைக்கும்போது, தமிழில் பேசக்கூடியவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். கிடைக்காவிட்டால் மொழிபெயர்க்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்யுங்கள். வீட்டுப் பிள்ளையை அதற்குப் பயன்படுத்த வேண்டாம். கேட்க வெட்கமான கேள்வியைப் பெயர் போடாமல் துண்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். எழுதத் தெரியாதவர், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி எழுதச் சொல்லலாம்.